மெர்சருக்கு ஓட இடமில்லை

டேவ் எக்கர்ஸின் ‘தி சர்க்கிள்’ நாவல் 2013 அக்டோபரில் வெளிவந்தது. அமெரிக்க உளவு அமைப்பு உலக மக்களின் தொலைபேசி, இணையப் பதிவுகளைத் திரட்டிவருவதை எட்வர்ட் ஸ்னோடென் அம்பலப்படுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஆகவே ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலுக்கு வாரிசாக இதை வாசிப்பது எளிதாக இருந்தது. ஆனால் அந்த ஒப்பீடு, எக்கர்ஸ் கண்டுகொண்ட முக்கியமான விஷயத்தை மறைத்துவிடுகிறது. 1949இல் ஆர்வெல் காட்டிய உலகில் வீட்டுக்குள் கண்காணிக்கும் திரையை வைப்பது அரசு, மீறினால் சித்திரவதை. எக்கர்ஸின் உலகில் அப்படி யாரும் மிரட்டுவதில்லை. கலிஃபோர்னியாவின் மாபெரும் சமூக ஊடக நிறுவனம் ஒன்றில் மே ஹாலண்ட் என்ற இளம்பெண் வேலைக்குச் சேர்கிறாள். அவளுடைய தந்தைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய். காப்பீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டியே குடும்பம் களைத்துப்போயிருக்கிறது. நிறுவனம் பெற்றோரையும் தன் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்கிறது. பிறகுதான் அவர்கள் வீட்டுக்குள் கேமராக்கள் வருகின்றன. மருத்துவச் செலவு ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடக்கூடிய நாட்டில், இவ்வளவு செய்தவர்களிடம் கேமரா வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? அந்தரங்கம் இங்கே நன்றிக்கடனாகப் போகிறது.

பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். அப்படி விலகியவன்தான் மெர்சர், மேயின் முன்னாள் காதலன். மான்கொம்புகளில் சரவிளக்கு செய்து பிழைப்பவன். அவனுக்கு உதவுவதாக நினைத்து மே அந்த விளக்குகளின் படத்தை இணையத்தில் போடுகிறாள். முன்பின் தெரியாதவர்களின் வசை அவன்மேல் வந்து விழுகிறது. அவன் ஊரைவிட்டே ஒதுங்கிப் போகிறான். அங்கும் ட்ரோன்கள் துரத்த, வண்டியோடு பாலத்திலிருந்து விழுந்து சாகிறான். இது கதாசிரியரின் மிகை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2018இல் வெளிவந்த, கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில், ஆளுமையைக் கணிக்கும் ஒரு வினாடி வினாச் செயலியை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர்தான். ஆனால் 8.7 கோடிப் பேர்வரையிலானவர்களின் விவரங்கள் அந்நிறுவனத்துக்குப் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. நண்பர்களின் தகவல்களையும் செயலிகள் அள்ளிக்கொள்ள அன்றைய விதிகள் இடம் கொடுத்திருந்தன. நம் சம்மதத்தை நமக்காக வேறொருவர் கொடுத்துவிடக்கூடிய இடத்தில், விலகும் உரிமைக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் பயப்பட வேண்டும், குற்றவாளிகள்தானே பிடிபடுவார்கள் என்பது இன்னும் வலுவான கேள்வி. எக்கர்ஸ் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. மேயை இணையத்தில் பின்தொடரும் கோடிக்கணக்கானோர் பார்த்திருக்க, தலைமறைவான ஒரு குற்றவாளியை அவள் மேடையில் இயக்கிக்காட்டும் நிறுவனத்தின் தேடல் கருவி சில நிமிடங்களில் பிடித்துக்கொடுக்கிறது, அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அதே மேடையில், அதே கருவியைக் கொண்டு அடுத்துத் தேடப்படுபவன்தான் மெர்சர். அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை, தனியாக இருக்க விரும்பினான். கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆரவாரத்தில் திளைத்த கூட்டமும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நாவலில் குறைகள் உண்டு. பாத்திரங்கள் பல இடங்களில் வாதங்களுக்கு வாய்களாக மட்டுமே நிற்கின்றன. ஆனாலும் முடிவில் எக்கர்ஸ் சமரசம் செய்யவில்லை: நிறுவனத்தைத் தடுத்து நிறுத்த உதவி கேட்டு வருபவனையே மே காட்டிக்கொடுக்கிறாள். 2017இல் எம்மா வாட்சன், டாம் ஹாங்க்ஸ் நடித்து வந்த படத்திலோ அவள் முதலாளிகளின் ரகசியங்களை அம்பலப்படுத்துகிறாள். பார்வையாளருக்கு அது நிம்மதி தரும் மாற்றம்; கதையை அதுவே பலவீனமாக்கிவிட்டது. மெர்சரைத் துரத்தியதில் முதலாளிகளின் பங்கு கொஞ்சம்தான். துரத்தியவர்கள் மேயின் ரசிகர்கள்.