பொன்னும் ஒரு துளித் திராவகமும்

ஒருவருடைய குணத்தைப் புகழ வேண்டுமானால், 'அவர் பத்தரை மாற்றுத் தங்கம்' என்று சொல்லுகிறோம். பொன்னின் தூய்மையை மாற்று என்னும் அளவால் குறிப்பது பழைய வழக்கம். இன்று காரட் என்கிறோம். கலப்பற்ற பொன் 24 காரட். 24 பங்கில் 22 பங்கு பொன்னும், எஞ்சிய 2 பங்கு செம்பு, வெள்ளி முதலியனவும் சேர்ந்தது 22 காரட். அதாவது ஆயிரத்துக்கு 916 பங்கு பொன். தனிப் பொன் மிக மென்மையானது. நகைக்கு உறுதி தருவதற்காகவே இக்கலப்பு. ஆகவே கலப்பது குற்றமன்று. சொன்ன அளவுக்கு மேல் கலப்பதே குற்றம். அக்குற்றத்தைக் கண்டுபிடிக்கப் புகுந்து நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் இரசாயனம் கற்கத் தொடங்கிய ஆண்டு அது. என் தமக்கையின் திருமணத்துக்காக, எங்கள் ஊர்ப் பத்தர் ஒருவர் 22 காரட்டில் வளையல்கள் செய்து தந்திருந்தார். நைட்ரிக் திராவகம் செம்பைக் கரைக்கும், பொன்னைத் தீண்டாது என்று அந்த வாரந்தான் பாடம் கேட்டிருந்தேன். சிறு புட்டியில் அத்திராவகத்தைக் கொண்டுவந்து, கண்ணாடிக் குச்சியால் ஒரு வளையலின் மூட்டுவாயில் ஒரு துளி வைத்தேன். சற்று நேரத்தில் துளியின் ஓரம் பசுமை பாய்ந்தது. "செம்பு! பத்தர் நம்மை ஏமாற்றிவிட்டார்" என்று கூவினேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது. அப்பா ஒன்றும் பேசாமல் வளையலைத் துணியில் முடிந்துகொண்டு புறப்பட்டார். நானும் பெருமிதத்தோடு உடன் சென்றேன்.

பத்தர் கோபிக்கவில்லை. "தம்பி, எந்த இடத்தில் துளி வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். பிறகு தம் உரைகல்லை எடுத்தார். கன்னங்கரேலென்ற வழவழப்பான அக்கல்லில் வளையலின் உடற்பகுதியை ஒரு கோடு உரைத்தார். அதன் அருகே, மாற்றுத் தெரிந்த 22 காரட் ஆணியால் மற்றொரு கோடு உரைத்தார். இரண்டின் நிறமும் ஒத்திருந்தது. இரண்டின்மீதும் திராவகம் தடவினார். இரண்டும் ஒன்றுபோல் நின்றன. பின்னர் மூட்டுவாயை உரைத்துத் தடவினார். அந்தக் கோடு மட்டும் மங்கியது.

"இது பற்றாசு வைத்த இடம், தம்பி. வளையல் உருகுவதற்கு முன்னால் பற்றாசு உருக வேண்டும். இரண்டும் ஒரே மாற்றாக இருந்தால், பற்றவைக்கும்போது வளையலே உருகிப்போகுமே" என்றார்.

கலப்பற்ற பொன் உருக 1064 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். செம்பும் வெள்ளியும் தக்க அளவில் சேரும்போது அது இன்னும் குறைந்த வெப்பத்திலேயே உருகும். பற்றாசின் இரகசியம் இதுதான். ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் காத்த நாணயத்தை, அரைகுறைப் படிப்பால் நான் கெடுக்க இருந்தேன். அவரிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இச்சோதனையில் நாம் மனத்திற்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, திராவகம் தான் தொட்ட இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். மூட்டில் பட்டால் நல்ல நகையையும் பழிக்கும். தடித்த பொன்பூச்சின்மேல் பட்டால் பித்தளையையும் பொன்னென்று சொல்லும். இரண்டாவது, நைட்ரிக் திராவகம் மட்டும் கொண்டு 18 காரட்டையும் 22 காரட்டையும் பிரித்தறிய இயலாது. இரண்டும் அதற்கு அசையா. உயர்ந்த மாற்றைச் சோதிக்கும் திராவகத்தில் ஹைட்ரோகுளோரிக் திராவகமும் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. இதனை மூன்று பங்கும் நைட்ரிக்கை ஒரு பங்கும் கலந்தால், பொன்னையே கரைக்கும் இராஜ திராவகம் கிடைக்கும். மூன்றாவது, செம்பும் நைட்ரிக் திராவகமும் சேரும்போது எழும் செந்நிறப் புகை நுரையீரலுக்கு நஞ்சு. ஆய்வுக்கூடத்துக்கு உரியதை அடுக்களைக்குக் கொண்டுவரலாகாது.

வீட்டில் சோதிக்க விரும்பினால் தண்ணீரே போதும். 19.3 கிராம் தூய பொன் ஒரு கன சென்டிமீட்டர் நீரை விலக்கும். அதே எடையுள்ள செம்பு இரண்டு கன சென்டிமீட்டருக்கு மேல் விலக்கும். ஆர்க்கிமிடீஸ் கண்ட தத்துவம் இது. கல் பதித்த நகைக்கும் உள்ளே கூடான நகைக்கும் இது பொருந்தாது. டங்ஸ்டன் என்னும் உலோகத்தின் அடர்த்தி ஏறக்குறையப் பொன்னுக்குச் சமமாதலால், அதனிடமும் ஏமாறக்கூடும்.

ஐயமறத் தெரிய வேண்டுமானால் புடமிடுதலே வழி. சிறு துண்டு பொன்னை ஈயத்தோடு உருக்கினால், செம்பு போன்றவை ஈயத்தோடு நீங்கிவிடும். எஞ்சிய வெள்ளியை நைட்ரிக் திராவகம் கரைத்துவிடும். மிஞ்சிய பொன்னை நிறுத்துக் கணக்கிடுவர். நகை வாங்குவோர் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையையும், 22K916 போன்ற தூய்மைக் குறியையும், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியையும் பார்த்து வாங்குவது நன்று. 2021 ஜூன் 23 முதல் இம்முத்திரை படிப்படியாகப் பல மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டது.

அன்று என் விரலிலும் சிறிது திராவகம் பட்டிருந்தது. தோலிலுள்ள புரதத்தோடு நைட்ரிக் திராவகம் கலந்தால் மஞ்சள் கறை உண்டாகும்; கழுவினால் போகாது, தோல் உரிந்துதான் போகும். அக்கறை மறையும் வரையில், சாப்பிட உட்காரும்போதெல்லாம் பத்தரின் கேள்வி என் நினைவுக்கு வந்துகொண்டேயிருந்தது: "எந்த இடத்தில் துளி வைத்தீர்கள்?" எதைச் சோதித்தாலும், முடிவு கூறுமுன் அந்தக் கேள்வியை நீங்களும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.