தங்கவயலுக்கும் லண்டனுக்கும் இடையே

கோலார் தங்கவயலின் சுரங்கங்களை 1880 முதல் நிர்வகித்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் லண்டனைச் சேர்ந்தது என்பதால், தங்கவயலிலிருந்து தொலைவைக் கணக்கிட்டுப் பார்க்க லண்டனே பொருத்தமான நகரம். வானவழித் தொலைவு என்பது விமானம் பறந்து அளந்த எண் அன்று. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகிய நான்கு எண்களிலிருந்து கோள முக்கோணவியல் தரும் விடை அது. பூகோள உருண்டையின் மேல் இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக இழுத்துப் பிடித்தால், நூல் படியும் தடம் பெருவட்டத்தின், அதாவது பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின், ஒரு வில்லாக அமையும். பூமியின் மேற்பரப்பில் அதனினும் குறுகிய வழி இல்லை.

அவ்வில் பூமியின் மையத்தில் ஏற்படுத்தும் கோணம் ஏறத்தாழ 72.7 பாகை. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குரிய நீளமே கடல் மைல் (1.852 கி.மீ.) என்பதால், கோணத்தை அறுபதால் பெருக்கினாலே சுமார் 4,360 கடல் மைல், அதாவது 8,080 கி.மீ. என்று விடை வந்துவிடுகிறது. வகுப்பறைச் சுவரில் தொங்கும் மெர்கேட்டர் வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுத்த நேர்கோட்டின் வழியே சென்றால், பயணம் 200 கி.மீ.க்கு மேல் நீளும்.

கணக்கு எளிது, அதற்கு வேண்டிய நான்கு எண்களைப் பெறுவதுதான் ஒரு காலத்தில் அரிதாக இருந்தது. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே நூறு அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்த வில்லியம் லாம்டன், அதிலிருந்து கோணங்களை மட்டும் அளந்தபடி முக்கோணச் சங்கிலியை மேற்கே நகர்த்தினார். அதைச் சரிபார்க்க 1804இல் பெங்களூரு அருகே இரண்டாவது அடிக்கோட்டை அளந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். மைசூர் எல்லையை அளக்க வந்தபோது ஊரிகம், மாரிக்குப்பம் பக்கத்து ஊர்மக்கள் மண்ணைக் கழுவித் தங்கத்துகள் எடுப்பதைக் கண்டு 1802இல் அரசுக்கு எழுதியவரும் இதே வாரன்தான் என்பதைத் தங்கவயலின் வரலாறு பேசும் அளவுக்கு நில அளவையின் வரலாறு பேசுவதில்லை. இரண்டாம் கோட்டின் நீளம், முக்கோணங்கள் முன்கூட்டிச் சொன்ன நீளத்திலிருந்து சில அங்குலங்களே விலகியது. முக்கோணச் சங்கிலி மங்களூரை எட்டியபோது, நானூறு மைல் என்று வரைபடங்கள் காட்டிவந்த தீபகற்பத்தின் அகலம் முந்நூற்று அறுபதாகச் சுருங்கியது.

பயணி பறக்கும் தொலைவோ வேறு. தங்கவயல்–லண்டன் பெருவட்டம் கட்ச் வழியாகக் கராச்சியை ஒட்டிச் செல்கிறது; 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய விமானங்களுக்கு மூடியதும், அவை அரபிக்கடலின் மேலாகச் சுற்ற வேண்டியதாயிற்று.

வில்லை விட்டு நாணை அளந்தால், அதாவது பூமியைத் துளைத்து நேராகச் சென்றால், தொலைவு 7,550 கி.மீ.தான், ஆனால் அவ்வழி நடுவில் 1,240 கி.மீ. ஆழத்துக்கு இறங்கும். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3.2 கி.மீ. ஆழமே கண்டது. பூமியை அப்படி ஊடுருவக்கூடிய நியூட்ரினோ துகள்களில், காற்றுமண்டலத்தில் பிறந்தவற்றின் தடயத்தை அதே சுரங்கத்தில் 2.3 கி.மீ. ஆழத்தில் வைத்த கருவிகள் 1965இல் பதிவு செய்தன.