கிரில் துணிக்கு இடம் விட்டு மரத்தை வெட்டுங்க

சொந்தமா கிடார் கேபினெட் செய்யுறவங்க எல்லாரும் ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ், எத்தனை ஓம்ஸ், பிளைவுட் 18 மி.மீ. போதுமான்னு மாசக்கணக்குல மண்டையை உடைச்சுக்குவாங்க. முன்னாடி வர்ற துணி? "அது கடைசில பாத்துக்கலாம் மச்சி." ஆனா அந்தத் துணியும், அதைச் சுத்தி ஓடுற பைப்பிங்கும் எவ்வளவு இடம் எடுக்கும்னு தெரியாம மரத்தை வெட்டிட்டா, ரெக்சின் எல்லாம் ஒட்டி முடிச்ச அப்புறம் ஃபிரேம் உள்ளேயே போகாது. தட்டி ஏத்தினா ரெக்சின் கிழியும். இழைப்புளி போட்டுக் குறைக்கணும்னா ஒட்டின துணியை மறுபடி பிரிக்கணும். அதனால இந்தக் கட்டுரை கடைசி வேலையைப் பத்தினதா இருந்தாலும், மரக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி படிச்சுடுங்க.

இந்தத் தோற்றம் நமக்குப் பழகினது பெரும்பாலும் இங்கிலாந்து ஆம்ப்களால. மேற்கு லண்டன் ஹான்வெல்ல கடை வச்சிருந்த ஜிம் மார்ஷல், 1962-ல ஃபெண்டர் பேஸ்மேன் சர்க்யூட்டை அடிப்படையா வச்சுத் தன்னோட முதல் ஆம்ப்பைக் கொண்டு வந்தார். அப்புறம் வந்த, நாலு 12 அங்குல ஸ்பீக்கர் வச்ச மார்ஷல் கேபினெட்டை ராக் மேடைகள்ல பாத்திருப்பீங்க: கறுப்பு ரெக்சின், இழுத்துக் கட்டின துணி, ரெண்டும் சேர்ற இடத்துல மெல்லிசா ஒரு கோடு. வாக்ஸ் ஏசி30-ல துணியில டைமண்ட் டிசைன் இருக்கும். அந்தக் கோடு அழகுக்கு மட்டும் இல்ல. மரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல இருக்குற, எவ்வளவு கவனமா வெட்டினாலும் சீரா வராத இடைவெளியை அது மறைக்குது. பைப்பிங்ல ரெண்டு பகுதி: வெளியே தெரியற உருண்டை, உள்ளே ஒளியற தட்டையான வால். வால் இடைவெளிக்குள்ள போகும், உருண்டை அதோட வாயை மூடும்.

முதல்ல துணி. கிடாரோட கீழ் இ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். மேல பாத்தா, கிடார் ஸ்பீக்கர்கள் பொதுவா 5,000 ஹெர்ட்ஸ் தாண்டினதும் வேகமா விழுந்துடும். 5,000 ஹெர்ட்ஸ்ல ஒலியோட அலைநீளம் கிட்டத்தட்ட 7 செ.மீ. துணியில இருக்குற ஓட்டை 1 மி.மீ. கூட இருக்காது. அப்போ ஓட்டை சின்னதா இருக்கேன்னு பயப்பட வேண்டாம். காத்து சுலபமா போய் வருதாங்கறதுதான் கேள்வி. துணியை வாயோட ஒட்டி வச்சு ஊதுங்க. தடையே தெரியலன்னா வாங்கலாம். கன்னம் உப்புச்சுன்னா வேண்டாம். சோஃபா துணிகள்ல பலதுக்குப் பின்பக்கம் ரப்பர் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அது இந்தச் சோதனையிலயே மாட்டிக்கும். இன்னும் உறுதியா தெரியணுமா? ஸ்பீக்கர்ல பிங்க் நாய்ஸ் விட்டு, போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு, போனை நகர்த்தாம துணி வச்சு ஒரு தடவை, எடுத்து ஒரு தடவை பாருங்க. 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல தெளிவா இறங்கினா, உங்க பிக் கம்பியைத் தொடுற அந்த 'டிக்' தான் காணாம போகுது.

சாக்குத் துணி போடலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. காத்து தாராளமா போகும், விலையும் மலிவு. ஆனா சணல் ஈரப்பதத்துக்கு ஏத்த மாதிரி இறுகும், தளரும். கடற்கரை ஊர்ல இருந்தா நான் போட மாட்டேன்.

இப்போ கணக்கு. முன்பக்கத் திறப்பு மரத்துக்கு மரம் 440 மி.மீ.ன்னு வச்சுக்கோங்க. ரெக்சின் ஓரத்துல மடங்கி உள்ளே வரும், அது 1 மி.மீ. ஃபிரேம் பக்கவாட்டைச் சுத்திப் போற துணி 0.8. பைப்பிங் வால் 0.7. ஆக ஒரு பக்கத்துக்கு 2.5, ரெண்டு பக்கத்துக்கு 5. கொஞ்சம் தளர்வுக்கு 1 சேர்த்தா 6. அப்போ ஃபிரேம் 434 மி.மீ. உயரத்துக்கும் இதே கழித்தல். இந்த எண்களை அப்படியே எடுத்துக்காதீங்க. நீங்க வாங்கின மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, லேசா அழுத்தி வெர்னியர்ல அளங்க. முதல் வருஷ லேபுக்கு அப்புறம் வெர்னியருக்கு உருப்படியான வேலை இதுதான். அதுக்காகவே துணி, ரெக்சின், பைப்பிங் மூணையும் முதல்லயே வாங்கிடணும். சென்னையில ஸ்பீக்கருக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போற மாதிரி, ரெக்சினுக்கும் பைப்பிங்குக்கும் ஜி.பி. ரோடு பக்கம் தேடலாம். மத்த ஊர்ல கார் சீட் கவர் தைக்கிற கடையில கேளுங்க.

ஃபிரேமை நாலு ரீப்பர் கட்டையை ஆணி அடிச்சுச் செய்யணும்னு தோணும். செய்யாதீங்க. துணியோட இழுப்புல நீளமான கட்டை நடுவுல உள்பக்கமா வளையும். மூலையெல்லாம் இறுக்கமா இருக்கும், நடுவுல மட்டும் பைப்பிங் பிடிப்பில்லாம ஆடும். அதுக்குப் பதிலா 12 மி.மீ. பிளைவுட் ஒரே துண்டு எடுத்து, ஸ்பீக்கர் வர்ற இடத்துல பேஃபிள் ஓட்டையை விடக் கொஞ்சம் பெருசா வெட்டுங்க. ரெண்டு ஸ்பீக்கர்னா நடுவுல மிஞ்சுற மரமே பாலமா நின்னு வளைவைத் தடுக்கும். முன்பக்கத்தை, பேஃபிளையும் சேர்த்து, மேட் கறுப்புல அடிச்சுடுங்க. இல்லன்னா வெளிச்சத்துல துணிக்குப் பின்னாடி மர நிறம் தெரியும்.

துணி இழுக்குறதுல ஒரே விதி, எதிரெதிரா போறது. துணியோட நடு இழையையும் ஃபிரேமோட நடுவையும் பென்சில்ல குறிச்சு, மேல நடுவுல ஒரு ஸ்டேப்பிள், இழுத்துக் கீழ நடுவுல ஒண்ணு, இடது, வலது. அப்புறம் நடுவுல இருந்து மூலையை நோக்கி, ரெண்டு ரெண்டு செ.மீ. இடைவெளியில மாத்தி மாத்தி. மிருதங்கத்துக்கு வார் பிடிக்கும்போது ஒரே பக்கம் இழுத்துட்டே போக மாட்டாங்க இல்ல, அதே கதை. நாலஞ்சு ஸ்டேப்பிளுக்கு ஒரு தடவை திருப்பிப் பார்த்து, இழை நேரா போகுதான்னு பாருங்க. கோடு போட்ட துணியில 3 மி.மீ. சாய்ஞ்சாலும் மேடையில இருந்து தெரியும். ஸ்டேப்பிள் எல்லாம் ஃபிரேமோட பின்பக்கம்தான், கால் 8 மி.மீ. மூலையில மடிப்பு மூணு அடுக்கா வரும். உள்ளே போற அடுக்கை வெட்டி எடுக்கலன்னா உங்க 2.5 மி.மீ. கணக்கு அங்கேயே காலி.

பைப்பிங்கைக் கீழ்ப்பக்க நடுவுல ஆரம்பிங்க, இணைப்பு யார் கண்ணுலயும் படாது. வாலை ஃபிரேமோட பக்கவாட்டுல பெல்ட் மாதிரி சுத்தி, உருண்டை முன்விளிம்புல உக்கார்ற மாதிரி வைங்க. கான்டாக்ட் பசையை ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி, கைல ஒட்டாத அளவுக்குக் காய விட்டு அழுத்தணும். இங்க ஸ்டேப்பிளை நம்பாதீங்க, அதோட தலையே கணிசமா இடம் எடுக்கும். மூலை வர்றப்போ வாலுல ஒரே ஒரு கீறல், உருண்டை வரைக்கும், உருண்டையைத் தொடாம. பிவிசி விறைப்பா இருந்தா ஹேர் டிரையர்ல கொஞ்சம் சூடு காட்டினா வளையும். முடிவுல 1 மி.மீ. அதிகமா விட்டு வெட்டி, ரெண்டு முனையையும் நெருக்கி ஒட்டினா கோடு தொடர்ச்சியா தெரியும்.

ஃபிரேமை மாட்ட வெல்க்ரோ போதும். பேஃபிளுக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல மெல்லிசான ஃபோம் டேப் ஒரு சுத்து ஒட்டுங்க. மரத்துக்கு மரம் தொட்டா அதிரும், அந்த 'ஜ்ர்ர்' சத்தத்தைக் கேட்டு ஸ்பீக்கர் போச்சுன்னு முடிவு பண்றவங்கதான் அதிகம். காசு போட்டு வாங்கின ஸ்பீக்கரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, போன்ல இருந்து 80 முதல் 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா சைன் அலை ஓட்டுங்க. சத்தம் வர்ற இடத்துல ஓட்டத்தை நிறுத்தி, ஃபிரேமோட ஓரத்தைச் சுத்தி விரலால அழுத்திட்டே வாங்க. ஒரு இடத்துல அழுத்தினதும் நின்னா, அங்க இன்னொரு துண்டு ஃபோம். எங்க அழுத்தினாலும் நிக்கலன்னா ஃபிரேமையே கழட்டிட்டு அதே அலையை ஓட்டுங்க. அப்பவும் கேட்டா மட்டும் ஸ்பீக்கர் ஸ்குரூ, பின்பக்க ஒயர், கடைசியா கோன்.