ஒரே ஆள், ஐந்து வீரர்கள்: இது ஏமாற்று வேலையா?

இணைய விளையாட்டில் ஐந்து வீரர்கள் ஒன்றாகப் போருக்குக் கிளம்புகிறார்கள். ஐவரையும் இயக்குபவர் ஒருவரே. ‘மல்டிபாக்சிங்’ எனப்படும் இம்முறையை ஏமாற்று வேலை என்று பலர் சாடுகிறார்கள். அது சரியா?

தானாக இயங்கும் ‘பாட்’ நிரல் வேறு, இது வேறு. பாட் விளையாடும்போது ஆட்டக்காரர் தூங்கலாம். மல்டிபாக்சிங்கில் அவர் விசையைத் தட்டாவிட்டால் ஐவரும் சிலைபோல் நிற்பார்கள். மாதச் சந்தா உள்ள விளையாட்டு என்றால், ஐந்து கணக்குக்கும் அவரே பணம் கட்டுகிறார்.

சிக்கல் ஒரு மென்பொருளில் இருக்கிறது. ஒரே தட்டலை அது எல்லாக் கணக்குகளுக்கும் நகலெடுத்து அனுப்பும். ஐந்து அடியும் ஒரே கணத்தில் விழும். எதிராளி தற்காக்க அவகாசம் இராது. ‘ஈவ் ஆன்லைன்’ 2015 தொடக்கம் முதல் அதைத் தடை செய்தது. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2020 நவம்பரில் தடையை அறிவித்தது. ஆனால், ஒருவர் பல கணக்குகளில் ஆடுவதை இரண்டுமே தடுக்கவில்லை.

அந்த எல்லைக்கோடு நியாயமானது. ஒரே நேரத்தில் இருபது பலகைகளில் சதுரங்கம் ஆடுபவரை நாம் கைதட்டிப் பாராட்டுகிறோம். திரைக்குத் திரை மாறி, சொந்தக் கையால் ஐவரை இயக்குபவருக்கும் அந்தக் கைதட்டல் உரியதே.