மைக் திறந்ததும் ஹெட்செட் ஏன் கரகரக்கிறது?

லேப்டாப்பில் ப்ளூடூத் ஹெட்செட்டை இணைத்துப் பாட்டுக் கேட்கும்வரை ஒரு குறையும் தெரியாது. ஜூம், மீட், டீம்ஸ் என ஏதாவது ஒன்றில் மீட்டிங்குக்குள் நுழைந்ததும் ஒலி அடைத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும். பின்னால் ஓடும் பாட்டில் ஜால்ராவும் சலங்கையும் தேய்ந்துபோகும். ‘ஹெட்செட் போய்விட்டது’ என்று புதிதாக ஒன்று வாங்கினால், அதிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஹெட்செட் கெடவில்லை. வழக்கமான ப்ளூடூத்தில் ஒலி செல்ல இரண்டு தனித்தனி வழிகள் உள்ளன. பாட்டுக்கு ஏ2டிபி. இது கணினியிலிருந்து காதுக்கு மட்டும் போகும் ஒருவழிப் பாதை. ஸ்டீரியோ ஒலியை நொடிக்கு 44,100 மாதிரிகளாக எடுத்துச் செல்லும். பேச்சுக்கு எச்எஃப்பி. தொலைபேசி அழைப்புக்காக உருவான இருவழிப் பாதை இது. ஒவ்வொரு திசைக்கும் நொடிக்கு 64 கிலோபிட்தான். பழைய முறையில் நொடிக்கு 8,000 மாதிரிகள். 2011இல் வந்த எச்எஃப்பி 1.6 பதிப்பு அதை 16,000 ஆக்கியது. ஸ்டீரியோ கிடையாது.

8,000 மாதிரிகள் என்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி வரவே வராது. ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் அதிர்வுகள் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கின்றன. அதனால்தான் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தப்பாகக் காதில் விழுகின்றன. எதிர்முனையில் இருப்பவருக்கும் நம் குரல் இப்படித்தான் மெலிந்து போய்ச் சேர்கிறது. ஆன்லைனில் வேலைக்கான நேர்காணலுக்கு உட்காரும் ஒருவருக்கு இது சின்ன விஷயமல்ல.

ஏதாவது ஒரு செயலி ஹெட்செட்டின் மைக்கைத் திறந்தால் போதும், கணினி இரண்டாவது பாதைக்குத் தாவிவிடும். மியூட் செய்தாலும் பல செயலிகள் மைக்கை மூடுவதில்லை.

தீர்வுக்குக் காசு தேவையில்லை. செயலியின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கராக ஹெட்செட்டையும், மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். மேக்கிலும் இதேதான்: சவுண்ட் பகுதியில் இன்புட்டை மாற்றினால் சில நொடிகளில் ஒலி தெளிந்துவிடும். விண்டோஸ் 10 ஒரே ஹெட்செட்டை ‘ஸ்டீரியோ’, ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’ என இரண்டு பெயர்களில் காட்டும். ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 11 இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதால், அங்கே மைக்கைத்தான் கவனிக்க வேண்டும். வீட்டில் ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும் கேட்கும் இடத்தில் லேப்டாப் மைக் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். அங்கே ஒரு சாதாரண ஒயர் ஹெட்செட்டே மேல் என்பேன்.

விட்டுவிட்டுக் கேட்பது வேறு கோளாறு. ப்ளூடூத்தும், பல வீடுகளின் வைஃபையும், மைக்ரோவேவ் அடுப்பும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முட்டிமோதுகின்றன. யுஎஸ்பி 3.0 இணைப்புகளும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்புவதை இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது. ப்ளூடூத் டாங்கிளை ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகாமல், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைத்துப் பாருங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலும் நெரிசல் குறையும். ஹெட்செட் போனோடும் இணைந்திருந்தால் அதையும் துண்டித்துப் பாருங்கள்.

இரண்டு பாதைச் சிக்கலுக்கே விடையாக வந்திருப்பது எல்இ ஆடியோ. 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, 2022இல் விதிமுறைகள் முழுமை பெற்றன. எல்சி3 என்ற புதிய முறையில் ஒலியைச் சுருக்குவதால், மைக் திறந்திருக்கும்போதும் தரமான ஒலியைத் தர முடியும். ஆனால் ஹெட்செட், கணினி இரண்டிலும் இந்த வசதி இருக்க வேண்டும். பெட்டியில் ‘ப்ளூடூத் 5.2’ அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருந்தால் மட்டும் போதாது. எல்இ ஆடியோ கட்டாய அம்சம் அல்ல; அந்தப் பெயரே அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.