நாய் வரியும் கட்டாக்காலி மாடும்
மாத்தளை மாவட்டம் கற்பிக்கும் ஒரு பாடம்

மாத்தளையின் சரித்திரத்திலே நாய்க்கும் ஓர் இடமுண்டு என்று கூறினால் நம் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அது மெய்யே. 1848ஆம் ஆண்டிலே தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சி இந்நாட்டு மக்கள்மீது பல புதிய வரிகளை ஒருசேரச் சுமத்தியது. கடைக்கு வரி, வண்டிக்கு வரி, வள்ளத்துக்கு வரி, துப்பாக்கிக்கு வரி. அவற்றோடு வீட்டுவாயிலிற் படுத்திருக்கும் நாய்க்கும் ஒரு வரி! இதுவும் போதாதென்று, ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், இன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்தல் வேண்டும் என்ற கட்டளையும் பிறந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இவ்வரிகளே உடனடிக் காரணமாயின. கொங்காலேகொட பண்டாவும் வீர புரன் அப்புவும் தலைமை தாங்கிய அக்கிளர்ச்சி படைபலத்தால் அடக்கப்பட்டது. எனினும் 1850இல் டொரிங்டன் பிரபு பதவி துறந்து சென்றார். நாய் வரியும் கைவிடப்பட்டது.

வளர்ப்புப் பிராணிகளைக் குறித்து அரசு விதி செய்வது தகாது என்பது இதன் கருத்தன்று. விதி வேண்டும், ஆனால் அது எவர்க்காக, எவரைக் கலந்து செய்யப்படுகின்றது என்பதே வினா. இன்று கட்டாக்காலி மாடுகளையும் தெருநாய்களையும் கட்டுப்படுத்த உள்ளூராட்சி மன்றங்கள் துணைவிதிகளை இயற்றும் வேளையில், அப்பழைய வினாவை நாம் மறந்துவிடலாகாது.

கோப்பித் தோட்டமும் கிராமத்து மாடும்

மாட்டைப் பற்றிய வழக்கு மாத்தளைக்கும் கண்டிக்கும் புதிதன்று. பழைய கண்டி இராச்சியத்திலே வயலுக்கு மேலேயிருந்த காடும் தரிசும் ஊர் மாடுகளின் மேய்ச்சல் நிலமாக விளங்கின. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நில ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், உரிமை நாட்டப்படாத காடுகளையும் தரிசுகளையும் அரசின் உடைமையாகக் கொண்டது. அவை கோப்பித் தோட்டங்களாக மாறின. மாடோ சட்டம் படித்ததில்லை. நேற்று மேய்ந்த இடத்தை நாடியே இன்றும் சென்றது. அங்கே புல்லுக்குப் பதிலாகக் கோப்பிக் கன்று நின்றது.

தோட்டத் துரைமார் தம் நிலத்தைச் சுற்றி வேலி அடைப்பது பெருஞ்செலவு என்றனர். கிராமத்தவரோ மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொண்டவர்களே வேலியும் இடவேண்டும் என்றனர். 'வேலி யாருடைய கடமை?' என்னும் இச்சிறு வினாவைச் சுற்றிப் பல ஆண்டுகள் பூசல் நிகழ்ந்தது. 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் இத்தகைய பூசல்களிடையே எழுந்ததே. பிறர் நிலத்திற் புகுந்த கால்நடையைப் பிடித்து வைக்கவும், நேர்ந்த சேதத்தை மதிப்பிட்டு உடையவனிடம் ஈடு பெறவும் அது வழி செய்தது.

இதில் ஒரு வேடிக்கையுமுண்டு. 1867இல் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் புகையிரதம் வருமுன்னர், அக்கோப்பியைக் கொழும்புக்குச் சுமந்தவை எருத்து வண்டிகளே. கோப்பிச் செடிக்கு உரமானதும் மாட்டெருவே. மாடின்றித் தோட்டமில்லை, தோட்டத்தில் மாட்டுக்கும் இடமில்லை! 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது. தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வந்தன. பயிர் மாறியபோதும் வழக்கு மாறவில்லை.

வீதியிற் படுத்திருக்கும் ஆபத்து

அநுராதபுரத்தில் அரசு செலுத்திய எல்லாளனின் மைந்தன் தேரிற் சென்றபோது, வீதியிற் படுத்திருந்த கன்றொன்று தேர்க்காலில் அகப்பட்டு இறந்தது என்றும், தாய்ப்பசு மணியசைத்து முறையிட, மன்னன் தன் மகனையே தண்டித்தான் என்றும் மகாவம்சம் கூறும். திருவாரூரில் மனுநீதிச் சோழன்மேல் வைத்து வழங்கும் கதையும் இத்தகையதே. இரண்டிலும் தேரோட்டியவனையே நீதி வினவிற்று. கன்றை வீதியில் விட்டவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இக்காலச் சட்டமோ அவ்வினாவையே முதலிற் கேட்கின்றது.

கேட்பதற்கு நியாயமும் உண்டு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை மாத்தளை, நாலந்தை, நாவுல, தம்புள்ளை ஆகிய ஊர்களை ஊடறுத்துச் செல்கின்றது. பகலெல்லாம் வெயில் குடித்த தார் வீதி இரவில் வெதுவெதுப்பாக இருத்தலால் மாடுகள் அதன்மேற் சென்று படுக்கின்றன. கரிய வீதியிலே கரிய மாடு; மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அது கண்ணிற் படும்போது காலம் கடந்துவிடுகின்றது. ஒரு நொடியில் ஒரு குடும்பம் உழைப்பாளியை இழக்கின்றது. மற்றொரு குடும்பம் பாற்பசுவை இழக்கின்றது.

விவசாயிக்கு நேரும் இழப்பும் சிறிதன்று. நான்கு மாதம் கண்ணிமைபோற் காத்த நெல்லை நாலு மாடுகள் ஓரிரவில் மேய்ந்துவிடும். தம்புள்ளைப் பகுதி மரக்கறித் தோட்டக்காரருக்கும் இதே கவலைதான். காட்டு யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிக் காவலிருப்பவன், அயல்வீட்டு மாட்டுக்கும் அஞ்ச வேண்டுமா?

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. 2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்திலே பாடசாலை விட்டு வந்த சிறுமியொருத்தியை மாடு முட்டித் தள்ளிய காட்சி கண்டோர் நெஞ்சைப் பதறச் செய்தது. அதன்பின் அம்மாநகராட்சி மாட்டுக்காரருக்கான அபராதத்தை உயர்த்தியது.

விதிகள் கூறுவது யாது?

நம் நாட்டிலே மாநகர சபைகள், நகர சபைகள், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பிரதேச சபைகள் ஆகிய யாவற்றுக்கும், வீதியில் அலையும் கால்நடைகளைப் பிடித்து அடைக்கவும், கட்டணம் பெற்று விடுவிக்கவும், குறித்த கெடுவுக்குள் உடையவர் வாராவிடின் விற்கவும் அதிகாரம் உண்டு. துணைவிதிகளை மன்றம் நிறைவேற்றியதும் அமைச்சரின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியிட வேண்டும். அதன் பின்னரே அவை செல்லுபடியாகும். ஒவ்வொரு சபையும் தனித்தனியே விதி எழுதி இடர்ப்படாதிருக்க மாதிரித் துணைவிதிகளை ஏற்றுக்கொள்ளும் முறையை 1952ஆம் ஆண்டுச் சட்டமொன்று வகுத்தது. மாடுகளுக்குக் குறி இடுவதையும் உரிமையைப் பதிவதையும் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் கூறுகின்றது.

சட்டத்திற்குக் குறைவில்லை. ஆனால் பிடித்த மாட்டைக் கட்டப் பட்டி இல்லையெனில், பட்டியில் வைக்கோலும் தண்ணீரும் இல்லையெனில், விதி ஏட்டுச் சுரைக்காயே. அடைபட்ட மாட்டைப் பட்டினி போடுவது 1907ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நிலவும் மிருகவதைத் தடைச் சட்டத்தின் நோக்கத்துக்கும் மாறானது. மாடு குற்றவாளியன்று, குற்றம் கயிற்றை அவிழ்த்தவனுடையது.

லயத்து வாசலில் நிற்கும் பசு

இவ்விடத்தில் நம் தோட்டப்புற மக்களின் நிலையையும் எடுத்துரைத்தல் கடமையாகும். இரத்தோட்டை, எல்கடுவை முதலான மலைப்பகுதிகளில் லயங்களில் வாழும் குடும்பத்துக்கு ஒரு பசு என்பது வெறும் பிராணியன்று. குழந்தைக்குப் பால், மரக்கறிப் பாத்திக்கு எரு, மகளின் திருமணத்துக்கோ மகனின் படிப்புக்கோ வேண்டும்போது விற்றெடுக்கக்கூடிய சேமிப்பு. 'மாடு' என்னும் சொல்லுக்கே செல்வம் என்று நம் முன்னோர் பொருள் கண்டனர் அன்றோ? கொழுந்து பறித்துத் திரும்பிய பெண், களைப்பையும் பொருட்படுத்தாது தலைச்சுமையாகப் புல் கொண்டுவருவது எதற்காக? அப்பசு நின்றால் வீடு நிற்கும் என்பதற்காகவே.

அவளிடம் பசு உண்டு. மேய்ச்சலுக்கு ஒரு முழ நிலமும் இல்லை. தொழுவம் போட்ட இடமும் தோட்டத்துக்கே உரியது. பிரதேச சபைகள் தோன்றிய நாள் முதல் நெடுங்காலம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை பணியாற்றச் சட்டமே தடையாயிருந்தது. 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னரே அத்தடை நீங்கியது. வீதியும் விளக்கும் கிட்டாத காலமெல்லாம் கழிந்து, சபையின் கை முதன்முதலில் லயத்தை எட்டும்போது அது அபராதச் சீட்டோடு எட்டுமானால், மக்கள் அதனை எவ்வாறு ஏற்பர்? 1848ஐ நாம் நினைவூட்டுவது இதற்காகவே.

நாய் விஷயத்தில் அசட்டை வேண்டாம்

மாட்டால் வரும் இழப்புப் பெரும்பாலும் பொருளிழப்பு. விசர்நாயால் வருவதோ உயிரிழப்பு. விசர்நோயைத் தடுக்க 1893இலும், நாய்களைப் பதிவு செய்ய 1901இலும் கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. அப்படியிருந்தும் 1973ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 377 பேர் விசர்நோயால் மாண்டனர். தடுப்பூசி இயக்கத்தின் பயனாக அண்மை ஆண்டுகளில் அத்தொகை பத்திலொரு பங்குக்கும் கீழே இறங்கியுள்ளது. தெருநாய்களைக் கொன்றொழிக்கும் பழைய வழக்கம் 2006ஆம் ஆண்டளவிற் கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியுமே வழியெனக் கொள்ளப்பட்டது.

தாய்மார் மனத்திற் பதிக்க வேண்டியது இது: குழந்தையை நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் தடவிக் காலம் கடத்தாதீர்கள். நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது மிக அரிது. வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இடுதல் அயலவர்க்குச் செய்யும் உபகாரமுமாகும்.

செய்யத்தக்கவை

நம் பண்டைய நீர்ப்பாசனக் கிராமங்களிலே போகம் தொடங்குமுன் கமக்காரர் கூடி, எந்நாளில் நீர் திறப்பது, எந்நாளில் வேலி அடைப்பது, எந்நாள் முதல் மாடுகளைக் கட்டி வைப்பது என்று தாமே முடிவு செய்வது வழக்கம். 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அவ்வழக்கத்துக்கு ஆதரவளித்தது. இன்றும் பெரும்போகம், சிறுபோகம் ஆகியவற்றின் தொடக்கத்திலே கூட்டம் நடைபெறுகின்றது. அங்கு எடுத்த முடிவை மக்கள் மதிப்பதற்குக் காரணம் யாது? முடிவெடுத்தோர் அவர்களே என்பதுதான்.

அம்முறையையே நம் சபைகளும் கைக்கொள்ளலாம். துணைவிதியை வர்த்தமானிக்கு அனுப்புமுன் விவசாயியையும் மாடு வளர்ப்போரையும் தோட்டத் தொழிலாளரையும் ஒருங்கே அழைத்துப் பேசுக. விதியைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டுச் சந்தையிலும் பிரட்டுக்களத்திலும் ஒட்டுக. முதலில் எச்சரிக்கை, பின்னர் அபராதம் என்று படிமுறை வைக்க. பட்டியையும் புல்லையும் ஆயத்தம் செய்த பின்னரே மாட்டைப் பிடிக்க. ஆற்றங்கரையிலோ தோட்டத் தரிசிலோ பொது மேய்ச்சலுக்கு ஓரிடம் ஒதுக்க இயலுமாயின் பாதிப் பிரச்சினை அன்றே தீரும்.

மாடு வைத்திருப்போருக்கும் நாம் கூறுவதுண்டு. பாலைக் கறக்கும் வரை நம் மாடு, பயிரை மேய்ந்தால் எவர் மாடோ என்பது நியாயமாகாது. அந்தியில் அதைத் தொழுவத்திற் கட்டுங்கள். அயலவன் வயலும் உங்கள் பசுவைப் போலவே ஒரு குடும்பத்தின் சேமிப்பாகும்.