உஷார்! மனையை அளக்காமல் வானம் தோண்டாதீர்கள்!

பத்திரம் பதிவாகிவிட்டது, நல்ல நாள் பார்த்துப் பூமி பூஜை போட வேண்டியதுதான் பாக்கி என்று இருக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். பத்திரத்தில் எழுதியிருக்கிற 1,200 சதுர அடி தரையிலும் இருக்கிறதா? சார்பதிவாளர் அலுவலகம் பத்திரத்தைப் பதிந்து தரும். மனைக்கு எல்லை குறித்துத் தராது.

கோட்டை விடும் இடங்கள் நான்கு.

புரோக்கர் பிடிக்கும் டேப்: 30, 40, 30, 40 என்று நாலு பக்கமும் அளந்து காட்டுவார். நம்பாதீர்கள். மூலைக்கு மூலை குறுக்கே பிடியுங்கள். இரண்டு பக்கமும் 50 அடி வந்தால்தான் மனை சதுரிப்பாக இருக்கிறது. ஒரு குறுக்களவு 40 அடிதான் வருகிறதா? மனை சாய்ந்து கிடக்கிறது. உங்களுக்குக் கிடைப்பது சுமார் 1,112 சதுர அடி. மீதி 88 அடிக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருப்பீர்கள்!

பழைய புலப்படம்: எப்.எம்.பி.யில் 60 என்று இருந்தால் அதை அடி என்று படித்துவிடாதீர்கள். பழைய படங்களில் லிங்க் கணக்கு. 100 லிங்க் என்பது 66 அடி. அந்த 60 லிங்க், அடிக்கணக்கில் 39.6 தான். புதிய படங்களில் மீட்டர் இருக்கும். எந்த அளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூட்டுப் பட்டா: உட்பிரிவு ஆகாத நிலமென்றால் புலப்படத்தில் உங்கள் மனைக்குத் தனிக் கோடே இருக்காது. முதலில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். அதில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் வரும். 1,200 சதுர அடிக்குச் சுமார் 1.11 ஏர் இருக்க வேண்டும்.

மனைப்பிரிவுக் கல்: லே-அவுட் போட்டவர் நட்ட கல் வேறு, சர்வே கல் வேறு. ஜே.சி.பி. ஒரு தடவை ஓடினால் கல் இடம் மாறிவிடும். அதை நம்பி நூல் பிடித்தால் சுவர் பக்கத்து மனைக்குள்ளேயோ வாய்க்கால் புறம்போக்கிலேயோ போய் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போவார்; புறம்போக்கு என்றால் இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். எல்லை ஓரடி தப்பினால் பிளானில் காட்டிய பக்கக் காலியிடமும் ஓரடி குறையும்.

என்ன செய்யலாம்? அரசு நில அளவர் வந்து அத்துக் காட்டித் தர, தமிழ்நிலம் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம். அளக்கிற அன்று பக்கத்து நிலக்காரர்களையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். இல்லாதபோது அளந்ததை அவர்கள் நாளைக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டோட்டல் ஸ்டேஷன் வைத்துத் தனியார் சர்வேயர் எடுக்கும் அளவு பிளான் போடவும் மட்டம் பார்க்கவும் உதவும்; ஆனால் தகராறு என்று வந்துவிட்டால் முதலில் கேட்பது வருவாய்த் துறை அளந்து கொடுத்த காகிதத்தைத்தான்.

முன்பணம் கொடுக்கும் முன்பே அளந்துவிட்டால் நஷ்டமே இல்லை. வாங்கி முடித்தாயிற்றா? நில அளவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் உங்கள் கைக்கு வரும்வரை மேஸ்திரி ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்கக் கூடாது!